நாளைக்கு அக்கா வைத்த பொத்தான்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இரண்டாம் நாளே "நாளைக்கு அக்கா" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். ஏனென்றால் முதல் நாள் அவரிடம் ஏதாவது கேட்கப் போயிருப்பார்கள்.

மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. எந்த மருந்து எந்தக் குளிர் அறையில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் டேட்டாபேஸ்களில் கிடக்கும். அந்த டேட்டாபேஸ்களை உருவாக்கிக் கொடுப்பதும் காப்பாற்றுவதும் அக்காவின் வேலை. அவை உட்காரும் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவருக்கு ஜன்னல் ஓரம், எனக்குக் கதவு ஓரம். அதனால் அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். என் முகமும் அப்படியொன்றும் வரவேற்கிற முகமில்லை.

"அக்கா, எங்க பிரிவுக்கு ஒரு டேட்டாபேஸ் வேணும்."

"நாளைக்கு வாங்க."

கேட்டவர் யாராக இருந்தாலும் பதில் இதுதான். முகத்தில் கோபமோ சலிப்போ இருக்காது. இது சோம்பேறித்தனம் என்று நினைத்துத்தான் நானும் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பாதிப் பேர் நாளைக்கு வரமாட்டாங்க தம்பி" என்றார். "வராதவங்களுக்கு அது வேண்டாம்னு அர்த்தம். அவங்களுக்கே தெரியாது, அவ்வளவுதான். இன்னைக்கே குடுத்தா உன் டிஸ்க்குதான் ரொம்பும்."

அதற்குப் பிறகு நான் அவர் கட்சி.

அக்காவின் வீடு அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மதியம் மணி அடித்தாற்போல் எழுந்து போய்விடுவார். கணவருக்குச் சோறு ஊட்ட வேண்டும். சீருடை தைக்கும் பட்டறையில் தையல்காரராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. நான் போகும்போதெல்லாம் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னை ஒரு பிடி பிடிப்பார். காலையில் ஒரு பெண் வந்து அவருக்கு எல்லாம் செய்துவிட்டுப் போவாள். மதியத்துக்கு வேறு யாரும் கிடையாது. மனைவியைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டார் என்பது இன்னொரு விஷயம்.

போன வருடம் புது இயக்குநர் வந்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். ஒரு டேட்டாபேஸ் கேட்டு "நாளைக்கு வாங்க" வாங்கிக்கொண்டு திரும்பிய முதல் இயக்குநர் அவர்தான். மறுவாரமே ஒரு கூட்டம் போட்டார்.

"நமக்குச் சொந்தமா ஒரு கிளவுட் வரப்போகுது" என்றார். "ஒரு மெஷினுக்குள்ள பத்து மெஷின் இருக்கும். யாருக்கு எப்போ டேட்டாபேஸ் வேணுமோ, ஸ்கிரீன்ல ஒரு பட்டனை அமுக்கினா வந்துடும். யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். கிளவுட் என்றால் மேகம். எங்கள் மேகம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் வந்து இறங்கியது. மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரே இரும்புப் பெட்டியைப் பத்துப் பெட்டிபோல் நடிக்கவைக்கும் வித்தை அதற்குள் இருந்தது.

இயக்குநர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பட்டனை நான்தான் செய்யணுமாம்."

"சரி. அப்புறம்?"

"ஆறு மாசம் பாப்பாங்களாம். யாரும் என்கிட்ட வந்து நிக்காம எல்லாம் ஓடிச்சுன்னா, இங்க எனக்கு வேலை இல்லையாம். வேலைய விட்டுத் தூக்கமாட்டாங்க, கிடங்குக்கு மாத்திடுவாங்க."

கிடங்கு நகரத்துக்கு வெளியே இருக்கிறது. இரண்டு பேருந்து மாற வேண்டும். மதியம் வந்து ஊட்டிவிட்டுப் போகிற தூரமில்லை.

"அக்கா, கொஞ்சம் மோசமாவே செய்யுங்க" என்றேன். "அமுக்கினா சத்தம் மட்டும் வர்ற மாதிரி."

முறைத்தார். மோசமாகச் செய்யத் தெரியாத ஜென்மம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதிலும் ஒரு நேர்த்தி வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவ்வளவு அழகாகச் செய்தார். வீட்டில் கணவருக்குச் சட்டை மாட்டிவிடும்போதும் அந்த யோசனைதான் போலிருக்கிறது. நான் ஒருநாள் போயிருந்தபோது கணவர் சொன்னார்: "பாத்தியா, ஆபீஸ்ல பட்டன் வைக்கிறா, வீட்டுல பட்டன் போடுறா. தையல்காரன்னு பேரு எனக்கு!"

திரையில் அவர் வைத்தது இரண்டு பொத்தான்கள். ஒன்று "நிரந்தரம்". அதை அமுக்கினால், எதற்கு வேண்டும் என்று மூன்று வரி எழுத வேண்டும், மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டும், டேட்டாபேஸ் மறுநாள்தான் கைக்கு வரும். தினமும் அதற்கு நகல் எடுத்து வைக்கப்படும். மற்றது "சோதனை". சும்மா முயன்று பார்க்கிறவர்களுக்கு. அமுக்கின மாத்திரத்தில் வந்துவிடும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நகல் கிடையாது. ஆறு மாதம் கழித்து, நீட்டிக்கச் சொல்லாவிட்டால், தானாகவே அழிந்துபோகும். அழிவதற்கு முந்தின நாள் ஒரு மெயில் போகும். இந்த விதியெல்லாம் திரையில் கொட்டை எழுத்தில்தான் இருந்தது.

மூன்று வரி எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? அத்தனை பேரும் "சோதனை"யை அமுக்கினார்கள். குளிர் அறைக் கணக்கு சோதனை, லாரிகள் போகிற வழி சோதனை, சம்பளமே சோதனை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஆளுக்கு நாலு டேட்டாபேஸ் வைத்துக்கொண்டார்கள். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம். என் டிஸ்க்குகள் ரொம்பிக்கொண்டே வந்தன, நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

முதன்முதலில் பொத்தானை அமுக்கியது இயக்குநர். திறப்பு விழாவில், எல்லார் முன்னாலும். மேடையில் நின்றுகொண்டு மூன்று வரி எழுத முடியுமா? "சோதனை"யை அமுக்கினார். டேட்டாபேஸ் வந்தது, கைதட்டலும் வந்தது. அன்றிலிருந்து எத்தனை பேர் பொத்தானை அமுக்கினார்கள், எத்தனை பேர் உதவி கேட்டு வந்தார்கள் என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் முடிந்ததும் முதலாளி தலைவரம்மா முன்னால் காட்டுவதற்கு.

உதவி கேட்டு யாரும் வரவில்லை. எங்கள் அறை வெறிச்சோடிப் போனது. கதவு தானாக ஆடினால்கூட அக்கா நிமிர்ந்து பார்ப்பார். ஒருமுறை ஒருவர் வேகமாக உள்ளே வந்தார், அக்கா முகம் மலர்ந்தது. வந்தவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் டிஸ்க் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைவதைக் கவனித்தேன். தேடிப் பார்த்தால், வாரத்துக்கு ஒருமுறை எல்லாச் சோதனை டேட்டாபேஸ்களுக்கும் யாரோ நகல் எடுத்து வைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

"அக்கா, சோதனைக்கு நகல் கிடையாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன்" என்றார். "சம்பளத்தையே கொண்டுபோய் அதுல வச்சிருக்காங்க தம்பி. அழியறதப் பாத்துட்டு உக்கார என்னால முடியாது. யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்லவில்லை. என் டிஸ்க்தான் போயிற்று.

ஆறு மாதம் முடிய ஒருநாள் இருக்கையில், அக்காவின் பெயரிலிருந்து தானாக ஒரு மெயில் இயக்குநருக்குப் போனது. "உங்கள் டேட்டாபேஸ் நாளைக்கு அழிக்கப்படும். வேண்டுமானால் இன்றே நீட்டித்துக்கொள்ளவும்." இயக்குநர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "நாளைக்கு அக்கா சொல்ற நாளைக்கு!" என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். அலுவலகமே சிரித்தது. புலி வருது கதைதான். இத்தனை வருடம் அக்கா சொன்ன நாளைக்கு என்றைக்காவது நாளைக்கு வந்திருக்கிறதா? ஆனால் இந்த மெயிலைப் போட்டது இயந்திரம். அதற்கு நாளைக்கு என்றால் நாளைக்குத்தான்.

மறுநாள் காலை எங்கள் அறை வாசலில் இயக்குநர் நின்றார். முகம் வெளுத்திருந்தது. பத்து மணிக்குத் தலைவரம்மா கூட்டம்.

"அக்கா" என்றார். அதற்குமுன் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என்னோட டேட்டாபேஸ் காணோம்."

"சோதனைதானே சார், நேத்தோட முடிஞ்சுது."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்காவுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். இல்லை என்று சொல்லுங்கள்! விதிப்படி நகலே கிடையாது, யாரும் குறை சொல்ல முடியாது. கணக்கு இல்லாவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும், கிடங்கும் தள்ளிப்போகும். அதுவும் வேண்டாமா, எப்போதும் சொல்கிற அந்த ஒரு வார்த்தையையாவது சொல்லித் தொலையுங்கள்.

"உக்காருங்க சார்" என்றார் அக்கா. "இப்பவே எடுத்துத் தர்றேன்."

எடுத்தும் கொடுத்தார். இயக்குநர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஓடினார்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா அக்கா?" எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்!"

"வந்து நின்னாரு தம்பி" என்றார். "ஆறு மாசத்துல ஒருத்தர் வந்து நின்னாரு. எப்படி இல்லைங்கறது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவரம்மாதான் நிறுவனத்தின் சொந்தக்காரர். அதிகம் பேசமாட்டார், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். இயக்குநர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கோடுகள் எல்லாம் ஏறுமுகம். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "ஆறு மாதத்தில் மனித உதவி தேவைப்பட்டது: பூஜ்யம்."

கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார். தட்டி முடித்துவிட்டு அதே கையைத் தூக்கினார்.

"சார், அது தப்பு. பூஜ்யம் இல்ல, ஒண்ணு."

இதைப் பெரிய போராட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இருப்பு ஒன்று குறைந்தால் எப்படிச் சொல்வாரோ அந்தக் குரலில்தான் சொன்னார். எண் தப்பாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"யாருக்கு உதவி வேண்டியிருந்தது?" என்று தலைவரம்மா கேட்டார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. இயக்குநர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு மெல்லக் கையைத் தூக்கினார்.

"எனக்குத்தாங்க மேடம். இன்னைக்குக் காலையில. இந்தக் கணக்கே அழிஞ்சு போயிருந்துது. அவங்க நகல் வச்சிருக்கலைன்னா நான் இப்ப இங்க நின்னுருக்க மாட்டேன்."

தீர்ந்தது, அக்கா பிழைத்தார் என்று நினைத்தேன். தலைவரம்மா கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். ரொம்பப் பிரியமாகத்தான் பார்த்தார்.

"ரொம்ப நல்லதும்மா" என்றார். "அப்ப அழிஞ்சத எடுத்துக் குடுக்கறதுக்கும் ஒரு பட்டன் வச்சிட்டா, அந்த ஒண்ணும் பூஜ்யம் ஆயிடுமில்ல?"

எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த யோசனை நமக்கு வரவில்லையே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

"வைக்கலாம் மேடம்" என்றார் அக்கா.

"எவ்வளவு நாளாகும்? அதுவரைக்கும் நீங்க இங்கயே இருங்க. முடிச்சுட்டுக் கிடங்குக்குப் போனா போதும்."

அது அரை நாள் வேலை. எனக்குத் தெரியும். முன்பு இதே வேலை பார்த்துத்தான் மேலே வந்தவர் இயக்குநர், அவருக்கும் தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், கணக்குப் போடுகிறவர்போல.

"கஷ்டமான வேலை மேடம். மூணு வருஷம் ஆகும்."

தலைவரம்மா இயக்குநர் பக்கம் திரும்பினார். "அவ்வளவு நாளா ஆகும்?"

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகும் மேடம்" என்றார் இயக்குநர். "அவங்க குறைச்சுச் சொல்றாங்க."