நெருப்புப் பக்கத்தில் ஆளில்லை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அவளுக்குத் 'தலைவி' என்று பெயர் வைத்தவர்கள் கூட வேலை செய்பவர்கள்தான். பதவியெல்லாம் ஒன்றும் கிடையாது. சூடான உருளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு யார் எந்த முனையைப் பிடிக்க வேண்டும், எந்த வண்டி முதலில் வார்டுக்குப் போக வேண்டும் என்று வாய் ஓயாமல் ஏவிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டால்கூட அதற்கு இவளிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்படிப்பட்டவள் கையில் ஒரு காட்டுக்குடியையே தூக்கிக் கொடுத்தால் விடுவாளா?

கொடுத்தவள் அங்கேயே துணி மடிக்கும் மேசைக்காரி. "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு விளையாட்டு இருக்குக்கா" என்று சொல்லி, வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்லெட்டைக் கொண்டுவரச் சொல்லி, வேலை விட்டதும் வாசலில் வைத்து ஏற்றிவிட்டாள். ஆற்றங்கரையில் சில தோல் குடிசைகள், நடுவில் ஒரு நெருப்பு, சுற்றிலும் விரல் உயரத்துக்கு மனிதர்கள். வேட்டைக்கு யார், கிழங்கு தோண்ட யார், மரம் வெட்ட யார் என்று சொல்ல வேண்டியது தலைவர் பொறுப்பு. மரம் சேர்ந்தால் வேலி கட்டலாம், வேலி முடிந்தால் களஞ்சியம், அப்புறம் கல் வீடு, சந்தை என்று குடியிருப்பு நகரமாக வளரும். ஆனால் நடு நெருப்பு அணையக் கூடாது. அணைந்தால் எல்லாரும் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒவ்வொரு தலைக்கு மேலும் பெயர் எழுதலாம் என்பதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. டயர் கடையில் வேலை பார்க்கும் புருஷனை மரம் வெட்ட விட்டாள். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் நல்ல நேரம் பார்க்கும் மனுஷன், அங்கே மறுபேச்சு இல்லாமல் வெட்டித் தள்ளினான். நாத்தனாரைத் தோல் ஊறவைக்கும் குழிக்கு அனுப்பினாள். அந்த நாற்றம் அவளுக்கு வேண்டியதுதான் என்பது தலைவியின் தீர்ப்பு. 'மாமா' என்று பெயர் போட்ட நரைத்த தலையை நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மாமனார் நிஜத்திலும் அப்படித்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டி முட்டி தேய்ந்துபோனவர், கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்துக்கொண்டிருப்பார்.

சலவைக்கூடத்துக்குள் போனையோ டேப்லெட்டையோ கொண்டுபோக முடியாது. பகலில் நெருப்புக்குக் கட்டை போட ஆள் வேண்டுமே. மாமனாரிடம் கொடுத்தாள். "இந்தக் கட்டையத் தொட்டு, இழுத்து, நெருப்புல விடுங்க மாமா. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"அவ்வளவுதானா? பஸ்ஸ விட சுலபம்" என்றார். அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. கட்டையைப் போட்டுவிட்டு, நெருப்புப் பக்கத்தில் இருக்கும் தன்னையே பார்த்து, "என்னப்பா, குளிருக்கு இதமா இருக்கா?" என்று விசாரிப்பார்.

வீட்டில் அந்தச் சமயம் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. இருப்பது இரண்டே அறை. மகள் பெரிய பரீட்சைக்குப் படிக்கிறாள். கூடத்தில் மாமனாரின் இருமல். "அப்பாவக் கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்ல வெச்சுக்கட்டுமே" என்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவன் வழக்கம்போல "பாக்கலாம்" என்றான். தண்ணீர்ச் சத்தத்தில் கூடத்துக்குக் கேட்காது என்று இருவரும் நம்பினார்கள்.

விளையாட்டில் பனிக்காலம் வந்தது. ஆறு உறைந்தது, வேட்டைக்குப் போனவர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள், களஞ்சியம் தரை தட்டியது. அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. வேலை இல்லாமல் சாப்பிடுகிறவர்களில் ஒருவரை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் பிழைப்பார்கள். ஒரு கைக்குழந்தை, ஒரு கர்ப்பிணி, மாமா. வேண்டாம் என்று கட்டத்தை மூடிவிடவும் வழி இருந்தது. எல்லாருக்கும் அரை வயிறு, அவ்வளவுதான். அவள் யோசிக்கவே இல்லை. மாமாவைத் தொட்டாள்.

நரைத்த தலை எழுந்தது. நெருப்பைப் பார்த்து ஒரு தடவை நின்றுவிட்டு, வேலியைத் தாண்டிப் பனிக்குள் நடந்து போனது. தானிய அளவைக் காட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறியது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன வாய் காய்வதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பி, "மாமா, கட்டை போட மறந்துடாதீங்க" என்று டேப்லெட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பாதித் தெரு போன பிறகுதான் சுருக்கென்றது. விளையாட்டுதானே என்று சொல்லிப் பார்த்தாள். உருளைச் சூட்டில் நிற்கும்போதும் காது மடல் மட்டும் தனியாக எரிந்தது.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். "நெருப்புகிட்ட என்னைக் காணோமே. எங்கேம்மா போயிட்டேன்?"

"வேட்டைக்கு அனுப்பியிருக்கேன் மாமா."

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிட விளையாட்டில் வழியே இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு வேட்டைக்காரப் பையனின் பெயரை அழித்து 'மாமா' என்று எழுதி நெருப்புப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். மறுநாள் அவர் அதை உற்றுப் பார்த்தார். "காட்டுக் காத்து நல்லா ஒத்துக்கிச்சு போல. முடியெல்லாம் கறுத்துப் போச்சே" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சுதான் நின்றது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வேலைவிட்டு வந்தால் வெங்காயம் உரித்துக் கிண்ணத்தில் இருக்கும். கொடியில் கிடந்த துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியைக் கூட்டியிருந்தார் ஒருநாள். சாப்பிட உட்கார்ந்தால், "போதும்மா, அசையாம இருக்கிறவனுக்கு எதுக்கு இவ்வளவு" என்று பாதியிலேயே கையை எடுத்தார். "அப்பா தேறிட்டார் பாரேன்" என்றான் புருஷன் சந்தோஷமாக. அவனுக்கு எது எப்போது புரிந்திருக்கிறது, இது புரிவதற்கு?

அவளுக்குப் புரிந்தது. வேலை இருக்கிறவர்கள் பெயர் அந்தக் கட்டத்தில் வராது. பகலில் அவர் மடியிலும் அந்தக் கட்டம் வந்து நின்றிருக்கும். அதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு விடுமுறை நாளில் அவர் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா, நீங்க வேட்டைக்குப் போகல. நான்தான் வெளியே அனுப்பிட்டேன். பொய் சொன்னேன்."

"தெரியும்மா. பனியில காலடி கிடந்துச்சு. போன காலடிதான், வந்தது இல்ல." விரிப்பின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டார். "விடும்மா. அது விளையாட்டு. அங்க சும்மாதானே உக்காந்திருந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரே மறுபடி பேசினார், கோபம் துளியும் இல்லாமல். "பெரியவ வீட்டுக்கு எப்ப போகணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு. மருந்து வாங்கி வெச்சுக்கணும்."

நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மகளின் பரீட்சையும் அந்த இருமலும் நினைவில் குறுக்கே வந்துவிட்டன. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயும் போக வேணாம் மாமா, இங்கயே இருங்க" என்றாள்.

"சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.