சொல்லாமல் விட்ட மிதி

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவள் ஸ்பேனர் அக்காதான். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் கோபப்பட மாட்டாள். கார்புரேட்டரில் கை வைத்த வண்டியை அன்றே எடுத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். வண்டி இரவு ஷெட்டில் நின்று, எஞ்சின் கல்லாய்க் குளிர்ந்து, காலையில் அவளே சாவி போட்டு அது எழுந்திருப்பதைக் காதால் கேட்ட பிறகுதான் வெளியே போகும்.

"சூட்டுல எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான். குணம் தெரியணும்னா காலையில எழுப்பிப் பாக்கணும்" என்பாள்.

அதே ஷெட்டில் டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் பார்க்கிற அவள் கணவர் சும்மா இருக்க மாட்டார். "என்னையும் அப்படித்தான் எழுப்பிப் பாக்குறா. இன்னும் டிரயல்லதான் இருக்கேன்."

அந்த வழக்கத்தை அவள் ஒருவருக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள். ஓய்வுபெற்ற சர்வேயர் அவர். கிளட்ச் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தார். கியர் கோல் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். முழங்கால்கள் தேய்ந்த பிறகும் அவர் வண்டி ஓட்ட முடிந்தது அதனால்தான். மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"காலையில ஸ்டார்ட் ஆகுதும்மா. கியர் போட்டதும் படுத்துக்குது. நாளைக்கு வீட்டம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நடுரோட்டுல நின்னா மானம் போயிடும்."

"விட்டுட்டுப் போங்க சார். காலையில பாத்து நானே கொண்டுவந்து தரேன்."

"என் வண்டி ஒரு ராத்திரிகூட வெளியில படுத்ததில்லை."

"சார் தாலாட்டுப் பாடுவார் போல" என்றார் கணவர், உப்புத்தாளைத் தேய்த்தபடியே. சர்வேயர் சிரிக்கவில்லை. அவர் பிடித்தால் பிடிதான்.

குளிர்ந்த எஞ்சின் அணைந்துவிடாமலிருக்கச் சோக் அதைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவைக்கும். அதற்கென்று கார்புரேட்டரின் பக்கவாட்டில் படிப்படியாக வெட்டிய சிறு தகடு ஒன்று உண்டு. ஒரு திருகின் முனை அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும். திருகை உள்ளே கொடுத்தால் வேகம் கூடும். எஞ்சின் சூடாக இருந்ததால் அவள் தகட்டைக் கையால் தூக்கிப் படியில் நிறுத்தி, திருகைக் கொஞ்சம் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் சர்வேயர்.

கொடுத்தாள்.

"இன்னும்."

"குளிர்ல பயங்கரமா இரையும் சார்."

"இரையட்டுமே. அணையாம இருந்தா சரி."

அரைமனதாக இன்னொரு சுற்றும் கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்காலில் முள் ஏறி, எங்கே என்று தெரியாததுபோல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தூறல். ஷெட்டில் தங்கியிருந்த வேறொரு காரை எழுப்பச் சாவி போட்டாள். எஞ்சின் உறுமி எழுந்தது. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவள் நினைக்கும் முன்பே கால் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து விட்டது. திருகு கீழ்ப்படிக்கு நழுவியது. உறுமல் தணிந்து முனகலானது.

அவள் காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒரு மிதி இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் திருகு மேல்படியை விட்டு இறங்காது. அந்த வேகத்தில் கியர் விழுந்தால் கிளட்ச் இல்லாத வண்டி முன்னால் தாவும். சர்வேயர் மிதிக்க மாட்டார். மிதிக்கக் கூடாது என்று சொன்னவளே இவள்தான். போன வருஷம் அவர் ஓயாமல் மிதித்து எஞ்சினைப் பெட்ரோலில் மூழ்கடித்தபோது, "ஸ்டார்ட் ஆன பிறகு ஆக்சிலரேட்டர் பக்கம் கால் போகவே கூடாது சார்" என்று கடிந்திருந்தாள். எல்லைக்கல் நட்டே வாழ்ந்த மனிதர். சொன்ன கோட்டைத் தாண்ட மாட்டார். ஒரு மிதியைப் பற்றி அவரிடம் அவள் சொன்னதே இல்லை. அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. வாய்க்கு அது வந்ததே இல்லை.

அவர்கள் வீட்டு வாசலும் கூடவே நினைவுக்கு வந்தது. பேட்டரி போனபோது ஒருமுறை போயிருக்கிறாள். ஒடுங்கிய முற்றம். இரண்டு கதவுள்ள கேட்டைப் பார்த்தபடி கார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வேயரின் மனைவி பானெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே புகுந்து, முதுகைக் காருக்குக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவார். புரை விழுந்த கண்.

சர்வேயருக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, ஸ்கூட்டர் சாவி."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகக் கூடாது."

அந்தத் தெருவுக்குள் திரும்பும் முன்பே சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் ஒருவர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். மார்பளவு கேட்டுக்கு அந்தப் பக்கம் சர்வேயர் வீட்டு அம்மா தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதை விட்டுட்டு ஓரமா வாங்க."

"யாரு, ஸ்பேனர் பொண்ணா? நல்ல சமயத்துல வந்தே. பிடிச்சுக்கிச்சு பாரு. அந்தப் பக்கமிருந்து தள்ளு."

"தாழ்ப்பாளை விடுங்கம்மா."

"என்ன சொல்றே? இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல."

கண்ணாடிக்குப் பின்னால் சர்வேயர் அவளைப் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். நேற்றுச் செய்த வேலை சரியா என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு, கேட் இதோ திறந்துவிடும் என்பதுபோல், அந்தக் கை கியர் கோலுக்குப் போனது.

அவள் கேட்டின் மேல் குப்புறச் சாய்ந்து, அம்மாவின் தோளைப் பிடித்துப் பலம் கொண்டமட்டும் பக்கவாட்டில் தள்ளினாள். அம்மா பூந்தொட்டிகளின் மேல் விழுந்தார். அவள் பின்பக்கமாகத் தெருவில் விழுந்தாள். கார் ஒரே தாவலாகத் தாவிக் கேட்டில் மோதி, அதை வெளியே வளைத்தபடி நின்றது. நின்றும் முட்டிக்கொண்டே இருந்தது. சர்வேயர் பிரேக்கைத் தேடிப் பிடித்துக் கோலை மேலே தள்ளிக் கியரை விடுவிக்க நேரமானது.

"எதுக்குடி இப்படித் தள்ளினே?" என்று எழுந்து உட்கார்ந்த அம்மா பேச்சை நிறுத்தினார். அந்தக் கண்ணுக்கும் அது தெரிந்தது. தான் நின்றிருந்த இடம் முழுக்கக் கார் இருந்தது.

அவள் வளைந்த கம்பியைத் தாண்டி டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள். முழங்கையில் ரத்தம். எஞ்சின் இன்னும் அதே வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"தப்பு என்னுது சார். பாதிதான் சொல்லியிருக்கேன். ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு மிதி மிதிச்சு விடுங்க. தணிஞ்சிடும்."

சர்வேயர் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிரேக்கை அது தரையோடு அழுத்தியிருந்தது.

"மிதிங்க சார். கியர்ல இல்ல."

"மாட்டேன்" என்றார் அவர், மெல்ல. "நான் இனிமே எதையும் மிதிக்க மாட்டேன்."

அம்மா மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, தாழ்ப்பாள் தெறித்துத் திறந்துகிடந்த மறுபாதிக் கேட்டின் வழியே தெருவுக்கு வந்தார். "அதை அணைச்சுட்டு வா. என்னை ஆஸ்பத்திரியில விடு" என்று சொல்லி, காரைத் திரும்பிப் பார்க்காமல் போய் ஸ்கூட்டரின் பக்கத்தில் நின்றார்.

அவள் ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருகினாள். சத்தம் அடங்கிய பிறகும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.