தட்டு காய்ந்துவிட்டதா?

ஜவ்வாது மலையில், கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டும் பட்டறையில் சூளையைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அம்மா. புருவத்தில் எப்போதும் வெள்ளைப் பொடி. கழுத்துக் கயிற்றில் தடித்த மூக்குக்கண்ணாடி.

என் வண்ணக் கண்ணாடிப் பலகை அந்தச் சூளையில் உருகி ஒட்டி, மறுநாள் மாலைக்குள் திருப்பத்தூர் போயாக வேண்டும். அவரோ சூளைத் தட்டின் பழைய பூச்சைச் சுரண்டி, கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் புதுப் பூச்சு தடவி, தட்டை மட்டும் சூளைக்குள் காயவிட்டிருந்தார். வெளியே மூடுபனி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இந்நேரம் காஞ்சிருக்குமேம்மா?"

"இன்னா சார் அவசரம்? ஈரம் இருந்தா உங்க பலகை கொப்புளம் வுட்டுடும். வேற வச்சிருக்கீங்களா?"

என்னிடம் வேறு இல்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சூளையின் மேல்துளைக்கு நேரே பிடித்தார். தட்டில் ஈரம் இருந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும்.

"இது இல்லாம எனக்குக் கண்ணு தெரியாது. ஆவி புடிச்சிருக்கா, நீங்களே பாத்து சொல்லுங்க."

ஓரத்தில் லேசாகப் படிந்திருந்தது.

"இல்லம்மா," என்றேன்.

அதைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் காயட்டுங்க."

பலகை ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வந்தது. அந்த ஆவி வழியாக நான் அவருக்கு எப்படித் தெரிந்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.