பொட்டிச்ச அலமாரியில் வைக்கக் கூடாத படம்

காந்திமதி சேச்சி போய்விட்டார்கள் என்ற செய்தியைத் திங்கட்கிழமை காலை கம்பெனி பியூன்தான் கொண்டுவந்தார். திருப்பூணித்துறையில், தங்கை வீட்டில், மாரடைப்பு. அதே மூச்சில், "நாலு மணிக்கு ஆபீசிலே அனுசோசனக் கூட்டம், இரங்கல் சொல்ல மேனேஜர் சார் எல்லாரையும் வரச் சொன்னார்" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது வெளியே தள்ளியவர்கள், செத்தபிறகு மாலை போடக் கூப்பிடுகிறார்கள்.

சேச்சியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டாஞ்சேரி பஜாரில், மிளகு மண்டிகளுக்கு நடுவே, எங்களுடையது மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி. நான் டைப்பிஸ்ட். சேச்சி பர்ச்சேஸ் பிரிவு. எழுபதுகளில் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். கோடவுனின் பின்பக்கம் ஓர் அலமாரி இருந்தது. 'பொட்டிச்ச அலமாரி' என்போம், உடைத்த பெட்டிகளுக்கானது. மருந்து முழுப் பெட்டியாகத்தான் வரும். ஊரில் ஒரே ஒருவருக்குத் தேவைப்படும் மருந்தானாலும் சேச்சி ஒரு பெட்டி வரவழைத்து, உடைத்து, வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை அதில் வைப்பார்கள். அடுத்த தடவை அதிலிருந்து எடுத்துக்கொடுப்பார்கள்.

எண்பதுகளில் கம்ப்யூட்டர் வந்தது. சேச்சி எர்ணாகுளம் போய்ப் படித்து, ஆர்டர் போடும் புரோகிராமைத் தாமே எழுதினார்கள். தேவை எவ்வளவு குறைவானாலும் அது முழுப் பெட்டிக்கு ஏற்றிப் போடும். மேனேஜருக்கு இது பொறுக்கவில்லை. உடைத்த பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன, காலாவதியாகின்றன என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

"பாதிப் பெட்டிக்கு மேலே தேவைன்னா முழுசா போடுங்க. பாதிக்குக் கீழேன்னா விட்டுடுங்க" என்றார் ஒருநாள்.

"நூறு மாத்திரைப் பெட்டி சார். ஒருத்தருக்கு மாசம் முப்பது வேணும். பாதிக்குக் கீழே, அதனால ஒண்ணும் வராது. அடுத்த மாசமும் முப்பதுதான், அப்பவும் வராது. அந்த ஆளுக்கு மருந்து என்னிக்கு சார் வரும்?" என்று சேச்சி கேட்டார்கள்.

"ஒராளுக்கு வேண்டி கம்பெனி நடத்த பற்றுமோ? முடியுமா, சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

சேச்சி புரோகிராமை மாற்ற மறுத்துவிட்டார்கள். மேனேஜர் வெளியாளை வைத்து மாற்றினார். அலமாரியையும் காலி செய்தார்.

அவர் 'ஒராள்' என்றாரே, அந்த ஆளுக்குப் பெயர் உண்டு. நபீசா இத்தா. படகு ஜெட்டிக்குப் போகும் வழியில் சாயாக்கடை வைத்திருக்கும் பெண்மணி. வலிப்பு மாத்திரை ஒருநாளும் விடக்கூடாது. எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளுக்கு அந்த மாத்திரை எங்களிடமிருந்துதான் போக வேண்டும். இனி வராது என்று தெரிந்ததும் சேச்சியே சனிக்கிழமைதோறும் படகில் எர்ணாகுளம் போய்த் தேடி, அந்த வாரத்துக்கு வேண்டியதை வாங்கிவந்து கொடுத்தார்கள். அவர்கள் காய்ச்சலில் கிடந்த ஒரு சனிக்கிழமை அதுவும் தவறியது. அந்த வாரம் இத்தா வலிப்பு வந்து, கொதிக்கிற சாயாப் பாத்திரத்தின் மேல் விழுந்தார். வலது கை வெந்துபோயிற்று.

இத்தா வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்காரர் கம்பெனி வாசலில் வந்து நின்று நியாயம் கேட்டார். "கம்ப்யூட்டர் செஞ்ச பிசகு. புரோகிராம் எழுதினது இவங்க" என்று மேனேஜர் சேச்சியைக் கைகாட்டினார். நாக்குக் கூசவில்லை அந்த மனிதருக்கு.

சேச்சி எழுந்து நின்றார்கள். "மிஷினுக்கு வாயில்லேன்னு அது தலையிலே போடாதீங்க சார். சொன்னது நீங்க, செஞ்சது அது."

மறுவாரம் அவர்களுக்கு வேலை இல்லை. நான் கத்தினேன், சண்டை போட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சேச்சி பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது சொன்னார்கள்: "கத்தாதேடி, தொண்டைதான் வறளும். அந்த அலமாரியிலே வேற எதையும் வைக்க விடாதே. என்னிக்காவது வேண்டிவரும்."

திருப்பூணித்துறைக்குக் குடிபோன பிறகும் சனிக்கிழமைப் படகை அவர்கள் விடவில்லை. போன சனிக்கிழமைகூட இத்தாவின் மாத்திரையோடு வந்தார்கள். மாற்றிய புரோகிராம் இன்றும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாலு மணிக் கூட்டத்துக்குப் போனேன். கோடவுனில் நாற்காலி போட்டிருந்தார்கள். சேச்சியின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். எங்கே என்கிறீர்கள்? அந்த அலமாரியில். மேனேஜர் குரல் தழுதழுக்க, "நம்ம கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த மகாமனசு" என்று ஆரம்பித்தார். எழுந்துபோய்ப் படத்தை எடுத்தேன்.

"எங்கே கொண்டு போறீங்க?" என்றார்.

"இதிலே மருந்தைத் தவிர எதையும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்."

மாலையை மட்டும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். படத்தோடு நேரே படகு ஜெட்டி வழியில் நடந்தேன்.

நபீசா இத்தாவுக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் வெந்து சுருங்கிய கையால் படத்துக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, கிளாஸ் அடுக்கும் பலகையில் இடம் ஒதுக்கிப் படத்தை வைத்து, முன்னால் ஒரு சாயா ஊற்றி வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இனி எனக்கு மருந்துக் குளிகை ஆரு கொண்டு வரும் மோளே?" என்று கேட்டார்.

போய் வாருங்கள், சேச்சி. அலமாரி காலியாகத்தான் இருக்கிறது, இருக்கும். சனிக்கிழமைப் படகில் நான் போகிறேன்.