பெத்த பொண்ணு மாதிரி

டப்பிங் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். மாமியார், நர்ஸ், பேய் என்று எந்தக் குரல் கேட்டாலும் தருவாள். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்தே வருகிறது, வால்யூம் குறைக்கிற பட்டன்தான் எங்கே என்று தெரியவில்லை என்பார் அவள் வீட்டுக்காரர்.

அன்று பேச வேண்டியது பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்ட எடுத்த ஒரு குறும்படம். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏழைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் விற்றுவிடுகிற பெண்மணிக்கு அவள் குரல். பல்லை நறநறவென்று கடித்துப் பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் பெண் கைகாட்டி நிறுத்தினாள்.

“அக்கா, இப்படிப் பேசினா எந்தப் பிள்ளை உங்ககூட வரும்? பாசமாப் பேசுங்க. பாக்கற பிள்ளைங்க இந்தக் குரலத்தான் அடையாளம் கண்டுக்கணும்.”

சரி என்று அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கறேன். நீ எதுக்கும்மா பயப்படறே? அடையாள அட்டை எங்கிட்டயே இருக்கட்டும், நீ தொலைச்சிடுவே.”

“அப்படிப் போடுங்க! இதை எங்கேருந்துக்கா பிடிச்சீங்க?”

எங்கேயிருந்து? அவள் வீட்டுச் சமையலறையிலிருந்துதான். வீட்டு வேலைக்கு வந்த சின்னப் பெண்ணிடம் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொல்லியிருந்தாள். அவளுடைய அடையாள அட்டை இன்னும் அக்காவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில். ஊருக்குப் போகிறேன் என்று கேட்டபோதெல்லாம் “அடுத்த மாசம் பாக்கலாம்.” அம்மாவோடு பேசுவதும் அக்காவின் போனில், ஸ்பீக்கர் போட்டு, அக்கா பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சீ, நானா இப்படி என்று காது மடல் சுட்டது.

“இன்னொரு டேக் போகலாம்” என்றாள்.

“வேண்டாங்க்கா, இதுதான் கச்சிதம்.” அவள் காதுக்கே திரும்பப் போட்டும் காட்டினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தாள். அட்டையையும் போனையும் நீட்டினாள்.

“இந்தா. அம்மாகிட்ட பேசு. எப்பப் போகணும்னாலும் போ.”

அந்தப் பெண் கை நீட்டவில்லை. “நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?”

“தப்பெல்லாம் என்னோடது. பேசு.”

அந்தப் பெண் போனை வாங்கி அம்மாவின் எண்ணை அழுத்தினாள். பழக்கத்தில் தானே ஸ்பீக்கரையும் போட்டாள்.

“நல்லா இருக்கேம்மா. அக்கா பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கறாங்க.”

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். படிக்கட்டில் தலை குனிந்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

“அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போ.”