கிடாருக்குள் தங்கம்

முட்டாள்களுக்கென்று ஒரு மாநாடு கூட்டினால் வரவேற்புரைக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தும், "எங்க வூட்ல தங்கம் கீது" என்று பஜாரில் நின்று கத்திய ஒரே பிள்ளை நான்தான். மற்ற ஊர்களில் அப்படிச் சொன்னால் பெண் கொடுக்க வருவார்கள். எங்கள் ஊரில் ஜீப் வரும்.

சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களைத் தலைமுடி முதல் செருப்பு வரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். யார் வீட்டிலாவது குண்டுமணி அளவு சுரங்கத் தங்கம் அகப்பட்டால் வேலை போகும், வேலையோடு வந்த, வரிசையாய்க் கட்டிய லைன் வீடும் போகும், ஆளும் உள்ளே போவார். ஊரே தங்கத்தின்மேல் உட்கார்ந்திருந்தும் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொன்னதில்லை. என் அம்மாவின் காதில் தொங்கியதும் ரோல்டு கோல்டுதான்.

எங்களோடு அம்மாவின் தம்பியும் இருந்தார். மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தின் பக்கம் ஒர்க்ஷாப்பில் பிட்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சைக்கிளை விற்றுவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு பாஸ் கிடாரோடு வந்து இறங்கினார். நான்கே கம்பி, ஒவ்வொன்றும் துணி காயப்போடலாம் போலத் தடிமன். நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் வந்த ஒரு பழைய மாடலைப் பார்த்து இங்கே யாரோ செய்த நகல். அசலின் விலைக்கு எங்கள் லைனையே வாங்கிவிடலாம் என்பார் மாமா. நகலுக்கு ஒரு சைக்கிள் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து ஷிப்ட்டுக்கு நடந்தே போனார், ராஜா ஊர்வலம் போவதுபோல.

வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ள அவர் என்ன கடைக்காரரா? கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் பட்டை தேய்ந்திருந்தது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் பல் பிரஷ்ஷின் பிடியை அறுத்து, அரம் போட்டு, புதுப் பட்டை செய்துவிட்டார். நைனா ஒரு வாரம் விரலால் பல் துலக்கினார். புதுக் கம்பி கிடைக்காததால் பழைய கம்பிகளைக் கழற்றி அம்மாவின் சோற்றுக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தார். அழுக்கு போனால் சத்தம் கணீரென்று வருமாம்.

"இன்னாடா இது, கம்பி ரசமா? ராத்திரிக்கு உனக்கு இதத்தான் ஊத்தப் போறேன்" என்று அம்மா கத்தினாள்.

"உப்பு மட்டும் போட்டுடாதக்கா, துரு புடிக்கும்" என்றார் மாமா.

வேலை செய்யும்போது கழற்றிய ஸ்க்ரூக்களையெல்லாம் மாமா உதடுகளுக்கிடையில் கவ்விக்கொள்வார். எனக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. அந்த ஸ்க்ரூக்களை என் வாயில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தினமும் மனுப் போட்டேன். "முழுங்கிடுவ, போடா" என்று தினமும் தள்ளுபடி ஆனது.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. சுரங்கத்துக்குப் போகும் பெரிய கரண்ட் லைன் எங்கள் கூரைக்குப் பக்கத்தில்தான் போனது. கிடாரைப் பழைய ரேடியோவோடு இணைத்ததும் 'உர்ர்ர்' என்று மாவு மில் ஓடும். பங்காருபேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு மாமாவின் பாட்டுக் கோஷ்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே சீரியல் லைட்டுகளுக்கு நடுவே மில் இன்னும் பலமாக ஓடுமே, எப்படிப் போவது? கிடாரின் வயிற்றில் ஒயர்கள் கிடக்கும் குழி முழுக்க உலோகத்தாள் ஒட்டி எர்த் கொடுத்தால் இரைச்சல் அடங்கும் என்று மாமா கண்டுபிடித்தார். தாள் சேகரிக்கும் இலாகா எனக்கு. ராபர்ட்சன்பேட்டை சினிமாக் கொட்டகைகளின் வாசலில் குனிந்தபடியே திரிந்து, காலி சிகரெட் பெட்டிகளிலிருந்து வெள்ளித்தாள் உருவினேன். அது போதவில்லை. பெரிய ஆபீசர்கள் சீட்டாடும் க்ளப்பின் பின்பக்கம் போனேன். அங்கே கிடந்த பெட்டிகளிலோ தங்க நிறத் தாள்!

மாமா ஒட்டி முடித்தபோது கிடாரின் வயிறு ஜொலித்தது. ரேடியோவைப் போட்டார். மில் நின்றுபோயிருந்தது. ஒரு கம்பியைத் தட்டினார். அலமாரியில் இருந்த டம்ளர்கள் மட்டும் மெல்ல நடுங்கின.

"அசல்ல கூட இப்படி வராதுடா" என்றார். எனக்குப் பூமியில் கால் பாவவில்லை.

அந்தப் பெருமையோடுதான் மறுநாள் பஜாருக்குப் போனேன். மளிகைக் கடைக்காரர் பையன் என் வகுப்புதான். கடை வாசலில் நின்றுகொண்டு, "உங்க மாமா கிடாரு டூப்ளிகேட்டாமே?" என்றான்.

"டூப்ளிகேட்டா? உள்ள பூரா தங்கம்டா! எங்க வூட்ல தங்கம் கீது, தெரியுமா? நான்தான் கொண்டாந்து கொடுத்தேன். மாமா ஒட்டினாரு!"

கடைக்குள் சாமான் வாங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் புகழ் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பரவத்தான் செய்தது. சாயங்காலமே ஜீப் வந்தது. சுரங்கக் காவலைப் பார்க்கும் வாட்ச் அண்ட் வார்டு ஆபீசரும் இரண்டு காவலாட்களும் இறங்கினார்கள். நைனா ஷிப்ட்டில் இருந்தார். லைனே எங்கள் வாசலில் கூடிவிட்டது. ஜீப் நம் வீட்டு வாசலில் நிற்கிறதே என்று நான் அதன் மட்கார்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிடாருக்குள்ள தங்கம் கீதுன்னு பஜார் பூரா பேச்சு" என்றார் ஆபீசர். "யாருப்பா சொன்னது?"

நான் கையைத் தூக்கப் போனேன். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார் சொன்னேன். தமாசுக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை. மாமா இப்படி எல்லோர் முன்னாலும் தன்னுடையதாக்கிக்கொண்டாரே!

"தங்கத்துல இன்னாப்பா தமாசு? தொற."

மாமா கிடாரைக் குப்புறப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். மூடித் தகட்டை எடுத்ததும் சாயங்கால வெயில் நேராகக் குழிக்குள் விழுந்தது. பளீரென்று மஞ்சள். கூட்டம் ஒரே குரலில் "ஐயோ" என்றது. அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு காவலாள் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஆபீசர் குனிந்தார். நகத்தால் ஓர் ஓரத்தைக் கீறினார். தாள் உரிந்து வந்தது. முகர்ந்து பார்த்தார். தன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்துத் திறந்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"அடப்பாவி, இது என் சிகரெட்டாச்சே! யார் பொறுக்கினது?"

இந்தத் தடவை மாமா முந்திவிடக்கூடாது என்று நான் பாய்ந்தேன். "நான்தான் சார்! நீங்க நிறைய குடிக்கிறீங்க சார்!"

முதலில் சிரித்தவன் மாமாவின் தோளைப் பிடித்திருந்த காவலாள்தான். பிறகு லைன் முழுக்கச் சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை.

"தொறந்தபடியே இருக்கட்டும். வாசி பாக்கலாம்."

மாமா ரேடியோவோடு இணைத்து வாசித்தார். 'உர்ர்' என்ற பேச்சே இல்லை. கிடாரின் வயிறு திறந்து கிடக்க, ஒவ்வொரு சத்தமும் தரையில் ஏறி எங்கள் உள்ளங்கால் வழியாக உடம்புக்குள் வந்தது. ஆபீசரின் பூட்ஸ் முனை அவருக்குத் தெரியாமலே தாளம் போட ஆரம்பித்தது. அதைக் கவனித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். போகும்போது தன் பெட்டியிலிருந்து தாளை உருவி என் கையில் கொடுத்தார். "இந்தா, கிழிஞ்ச எடத்துல ஒட்டு."

ஜீப் போனது, கூட்டமும் போனது. லைனிலேயே ஆபீசர் கையால் பரிசு வாங்கியவன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமாவின் அருகில் உட்கார்ந்தேன். அவர் மூடித் தகட்டைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒர்க்ஷாப்பில் கண்ணை மூடிக்கொண்டே ஸ்க்ரூ முடுக்குகிறவர் என்று பெயர் வாங்கியவர்; அன்று ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கித் தகட்டைக் கீறியது. அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி அதன்மேல் விழுந்தது. கிடாரைக் கீறிவிடப் போகிறாரே என்றுதான் எனக்குக் கவலை. அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்றும் பாக்கி இருந்தது. கேட்டே விட்டேன்.

"தங்கம்னு சொன்னது நானு. நீ சொன்னதா ஏன் மாமா பொய் சொன்ன?"

மாமா தன் உதடுகளுக்கிடையிலிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சட்டையில் துடைத்தார். எல்லாவற்றையும் என்னிடம் நீட்டினார்.

"இந்தா, இத வாயில வச்சினு உக்காரு."