மூன்றாம் தண்ணீருக்கு நிற்காத கப்பல்

அக்கரைச் சீமைக்குப் போக என்னென்ன வேண்டும் என்று கங்காணி கிருஷ்ணப்பன் சொல்லத் தொடங்கினால், இண்டூர்ச் சந்தையில் பாதிக் கூட்டம் அவரைச் சுற்றித்தான் நிற்கும். 1938ஆம் வருஷக் கோடையில் அந்தக் கூட்டத்தில், இடுப்பில் பிள்ளையோடு தீர்த்தம்மாளும் நின்றாள். அவள் புருஷன் மாதேஸ்வரன் முன்பே இதே கங்காணியோடு மலாய் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவன். குடும்பம் வந்தால் தனி வீடு தருவார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று கங்காணியிடமே சொல்லி அனுப்பியிருந்தான். இரண்டு பருவம் மழை பொய்த்து, கேழ்வரகுப் பானை கவிழ்ந்து கிடந்த வீட்டில் அவளுக்கும் வேறு போக்கில்லை.

"முன்சீப் உங்களெ நிறுத்தி, உன் இஷ்டத்துலதான் போறியான்னு கேப்பாரு. ஆமாங்கன்னு பளிச்சுன்னு சொல்லோணும். என் மூஞ்சியெப் பாத்துட்டு முழிச்சீங்கன்னா, நாந்தான் மயக்கிக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு நெனச்சுக்குவாங்க. அப்புறம் கையெ விரிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. உள்ளங்கை காச்சுப் போயிருக்கோணும். டேய் குள்ளா, உன் கை வெண்ணெயாட்டம் இருக்குது. நீ இங்கயே சீட்டாடிக்கிட்டுக் கெட."

கூட்டம் சிரித்தது. கிருஷ்ணப்பன் சிரிக்காமல் தொடர்ந்தார்.

"கப்பல்ல கொடலு வாய்க்கு வரும். நார்த்தங்கா ஊறுகா எடுத்துக்கோங்க. அங்க எறங்குனதும் ஊருக்குள்ள உடமாட்டாங்க. ஒரு தீவுல வெச்சு, உங்க துணிமணியெல்லாம் ஆவியில வேக வெச்சுத்தான் குடுப்பாங்க."

"மனுசனையும் வேக வெப்பாங்களா மாமா?" என்றான் குள்ளன்.

"உன்னெ வேக வெச்சா எவன்டா திம்பான்?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முக்கியமான சேதி. அம்மெ குத்தாம கப்பல்ல கால் வெக்க முடியாது. ஆவடிக் கேம்ப்புல குத்துவாங்க. குத்துன எடம் வீங்கும், சொரம் வரும், பழுக்கும். பழுத்தாத்தான் சீட்டு."

தீர்த்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "புள்ளெக்குமாங்கண்ணா?"

"ராசா வூட்டுப் புள்ளெயா இருந்தாலும் குத்துவாங்க, ஆத்தா."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூத்த பையனுக்கு அம்மை கண்டிருந்தது. அம்மன் இறங்கிய வீட்டார், முத்து இறங்கி, வேப்பிலை போட்டு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்தப் பக்கத்துக் கட்டு. மாதேஸ்வரன் மனசு கேட்காமல், முதல் தண்ணீர்கூட ஊற்றாத பிள்ளையை ஏரிக்கரை எல்லை தாண்டித் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாதி வழியிலேயே அவன் தோளில் பிள்ளை குளிர்ந்துபோயிற்று. எல்லை தாண்டினதற்கு ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றது ஊர். ஊர் வாயைத் தாங்க முடியாமல்தான் அவன் கடல் தாண்டினான் என்றுகூடச் சொல்லலாம். மிஞ்சியது நஞ்சம்மாள் ஒருத்தி, அப்போது கைக்குழந்தை.

பொம்மிடியில் ரயிலேறி, கிருஷ்ணப்பனின் ஆட்களோடு ஆவடி போய்ச் சேர்ந்தாள். கேம்ப்பில் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. கையைப் பார்த்தார்கள், கண்ணிமையைப் புரட்டினார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் அம்மை குத்தினார்கள். பிள்ளையின் கை வீங்கியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. போதாததற்குத் தகரக் கொட்டகைப் புழுக்கத்தில் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்தது. தீர்த்தம்மாள் அதை வேர்க்குருவாகப் பார்க்கவில்லை. முத்தாகப் பார்த்தாள். கேம்ப்பு வேம்பில் ஒரு கொத்து ஒடித்துவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள்.

டாக்டர் வந்து கையைத் திருப்பிப் பார்த்தார். "அருமையாப் பழுத்திருக்கு. நாளைக்குக் கப்பல் ஏறலாம்."

"நான் வரலீங்க சாமி."

டாக்டருக்கு விளங்கவில்லை. கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டார்.

"புள்ளெ மேல ஆத்தா எறங்கியிருக்கா. மூணு தண்ணி ஊத்திட்டு அடுத்த கப்பல்ல வர்றேங்கண்ணா."

"அம்மா, இது அம்மையே இல்லை. அம்மை வராமலிருக்கக் குத்தினது. இது வேர்க்குரு" என்றார் டாக்டர். அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மை என்று வெறும் பேர் சொன்னால், பிள்ளை மேல் இறங்கியிருக்கும் ஆத்தாவுக்குக் கோபம் வருமென்று பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மிணி, கிறுக்குத்தனம் பண்ணாதெ. அங்க அவன் தனி வூடு கேட்டு வாங்கி வெச்சிருக்கான். உன்னெ உட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்?"

"நஞ்சா அப்பனுக்குத் தெரியுங்கண்ணா. ஏரிக்கரையெத் தாண்டுனதுக்கே ஒண்ணெக் குடுத்தோம். இது சமுத்திரம்."

அந்தப் பையனைக் குழியில் இறக்கியவர்களில் கிருஷ்ணப்பனும் ஒருவர். மறுநாள் அவர் ஆட்களோடு கப்பலேறினார்.

முதல் தண்ணீருக்கே பிள்ளை தவழ்ந்து ஓடியது. கட்டை மீறக் கூடாதென்று மூன்றாம் தண்ணீர்வரை தீர்த்தம்மாள் கேம்ப்பிலேயே பொறுத்திருந்தாள். ஊற்றி முடித்து மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் கேம்ப்பு ஆபீசுக்குப் போனபோது, இனிக் கப்பலுக்கு ஆள் அனுப்புவதில்லை என்றார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தார்களாம். இந்தியச் சர்க்கார் ஆளனுப்புவதையே நிறுத்திவிட்டதாம். புருஷனிடம் போகிறவள் தனியாக மனுப் போடலாம் என்றார் ஒருவர். யாருக்கு, எப்படி என்று அவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கத் தெரியாமல் பொம்மிடிக்கே திரும்பி ரயிலேறினாள்.

அடுத்து யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மலாயைப் பிடித்த பிறகு அக்கரையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. அவள் களையெடுத்தாள், கல்லுடைத்தாள், பெண்ணை வளர்த்தாள். யாராவது கப்பல் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

1946இல் கிருஷ்ணப்பன் திரும்பி வந்தார். பல் கொட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். நேரே அவள் வீட்டுக்குத்தான் வந்தார். நஞ்சம்மாள் ஆடு ஓட்டிப் போயிருந்தாள்.

"இல்லெ ஆத்தா. அவன் இல்லெ."

அவள் அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "எப்படிங்கண்ணா?"

களைப்போ, எத்தனையோ சாவைப் பார்த்த மரப்போ, அவர் எதையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே போனார். "கூலிங்க குடியிருக்கற லயத்துல குடும்பத்துக்காரங்க ஒரு பக்கம், ஒண்டிக்கட்டைங்க ஒரு பக்கம். நீ வரலேன்னதும் அந்த வூட்டெ வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டு, அவனெ ஒண்டிக்கட்டெ லயத்துக்கு மாத்திட்டாங்க. சப்பான்காரன் லாரியோட வந்தப்ப மொதல்ல அந்த லயத்தத்தான் வாரிக்கிட்டுப் போனான். சயாம் காட்டுல ரயில் ரோடு போட. அவன் அந்த வூட்டுலயே இருந்திருந்தா..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "வயித்துப்போக்கு கண்டுது ஆத்தா. கடேசியா என்னெயும் அங்க கொண்டுபோனாங்க. நான் போனப்ப பேச்சு நின்னுபோச்சு. நாலு நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்தான்."

தீர்த்தம்மாள் மகள் வரும் வழியை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, புள்ளெகிட்ட இதெச் சொல்லிராதீங்க. குண்டு உளுந்து செத்தார்னு சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"கப்பலேறாம நின்னவ நானு. ஆனா சொரம் அவ ஒடம்புலதானே வந்துது? தன்னாலதான் அப்பன் செத்தான்னு எடுத்துக்குவா. எனக்கு இருக்கறது எனக்கே போதும்."

ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு நஞ்சம்மாள் வந்தாள். முன்பின் பார்த்திராத கிழவரையும், தலைவிரிகோலமாய் உட்கார்ந்திருந்த தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, சொல்லச் சொன்னதைச் சொன்னார்.

முகம் நினைவில்லாத அப்பனுக்கு எப்படி அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாள்: "ரொம்ப நோவு பட்டாரா மாமா?"

"இல்லெ கண்ணு. ஒரே நொடி."

அதைக் கேட்ட பிறகுதான் தீர்த்தம்மாள் வாய்விட்டு அழுதாள்.